தொட்டிக்கா, தீனுக்கா? மீன் வருத்தத்துக்கு மூலிகைச் சாறு வேலை செய்யும் இடம்

வைகாசி மாதத்தில் ஒரு நாள் விடிய முன்னமே எங்கள் ஒழுங்கையில் மீன் வளர்க்கும் அண்ணை வந்து படலையைத் தட்டினார். "தம்பி, ஒருக்கா வந்து பார். மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது." போனேன். வீட்டுக் கோடியில் சீமெந்தால் கட்டிய இரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றும் 5000 லீற்றர் கொள்ளும். இரண்டிலும் திலாப்பியா. இடது பக்கத் தொட்டியின் தண்ணீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக இருந்தது. மேலே மெல்லிய நுரை. மதிலோரம் ஒரு கிடாரம் கவிழ்ந்து கிடந்தது. முதல் நாள் பின்னேரம் கிடாரம் நிறைய வேப்பிலை அவித்து, அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றியிருக்கிறார்.

ஊற்றக் காரணம் இருந்தது. நாலைந்து நாளாகச் சில மீன்கள் தீன் எடுக்காமல் ஒதுங்கி நின்றிருக்கின்றன. ஒன்றைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வால் நுனி பழந்துணி கிழிந்தது போலப் பிரிந்திருந்தது. செட்டையின் ஓரமெல்லாம் வெள்ளை. வயிற்றுச் செதில்களுக்கு அடியில் குண்டூசித் தலையளவில் இரத்தப் பொட்டுகள். பூவை, அதாவது செவுளைத் தூக்கிப் பார்த்தால், சிவந்திருக்க வேண்டியது வெளிறிப் போய்ச் சளி மூடிக் கிடந்தது. அன்று மத்தியானத்துக்குள் அந்தத் தொட்டியில் பதினொரு மீன்கள் செத்தன.

"அம்மாள் வருத்தம் வந்தா நாங்களும் வேப்பிலையிலதானே தண்ணி வாக்கிறம், மீனுக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று அண்ணை கேட்டார். நியாயமான கேள்வி. வேம்பில் மருந்துக் குணம் உண்டு என்று அவர் நம்பியதில் பிழையில்லை. ஆய்வுகூடங்களும் அதையே சொல்கின்றன. பிழைத்தது, அந்தச் சாற்றை எங்கே, எப்போது கொடுப்பது என்பதில். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் கிருமியைப் பார்ப்போம். நன்னீர் மீனில் செட்டை அழுகல், இரத்தப் பொட்டு, வயிறு ஊதிச் செதில் சிலிர்த்து நிற்றல் என்றால், பல தடவை அதன் பின்னால் இருப்பது ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பற்றீரியா. திலாப்பியா கண் பிதுங்கிச் சுழன்று சுழன்று நீந்தினால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் அகலாக்டியே மேல் சந்தேகம் வரும். கடல் நீரிலும் களப்பு நீரிலும் வளரும் கொடுவாய்க்கும் இறாலுக்கும் விப்ரியோ இனங்கள். இவற்றில் ஏரோமோனாஸ் ஒரு வீட்டுக்காரன் மாதிரி. எந்தக் குளத்திலும், எந்தத் தொட்டியிலும், ஆரோக்கியமான மீனின் குடலிலும்கூட அது இருக்கும். மீன் திடமாக இருக்கும்வரை பேசாமல் இருக்கும். மீன் களைத்ததும் உள்ளே இறங்கும். ஆகவே "கிருமி எங்கிருந்து வந்தது?" என்று தேடுவதைவிட "மீன் ஏன் களைத்தது?" என்று கேட்பது பயன் தரும்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிணற்றுக்குள் இருக்கிறது. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். இப்படியான தண்ணீர் காரப் பக்கம் நிற்கும். மீன் கழிக்கும் அமோனியாவுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று பெரிதாகத் தீங்கு செய்யாது, மற்றது நேரே பூவைச் சுடும். 25 பாகை செல்சியஸில், பிஎச் (காரத்தைக் காட்டும் எண்) 7 உள்ள நீரில் நஞ்சு வடிவம் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 ஆனால் அது ஏறக்குறைய 5 வீதம். 9 ஆனால் 36 வீதம். பாசி பிடித்த பச்சைத் தொட்டியில் பின்னேரத்தில் பிஎச் 9ஐத் தொடுவது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் வைகாசிச் சூட்டில் கணக்கு இன்னும் மோசமாகும். அதோடு தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசன் குறைகிறது. 30 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஆகக் கூடியது 7.5 மில்லிகிராம் அளவைத்தான் பிடித்து வைத்திருக்கும்.

அண்ணையின் தொட்டியில் அன்றிரவு நடந்ததை இப்போது ஊகிக்கலாம். வேப்பிலைக் கஷாயம் என்பது கரைந்த இலைச்சத்து. தண்ணீரில் உள்ள ஆயிரமாயிரம் பற்றீரியாக்களுக்கு அது நல்ல சாப்பாடு. அவை தின்று பெருகும்போது ஒட்சிசனையும் இழுத்துக்கொள்ளும். இரவில் பாசியும் ஒட்சிசன் தராது. ஏற்கெனவே பூ பழுதான மீன், விடியும்போது மேலே வந்து வாயைப் பிளக்காமல் வேறு என்ன செய்யும்?

இந்த இடத்தில் பலர் அடுத்த பிழைக்குப் போகிறார்கள். மனிதருக்கு எழுதிக் கொடுத்த ரெட்ராசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் கப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் தூவுகிறார்கள். எங்கள் ஊரில் இது இரட்டைப் பிழை. ரெட்ராசைக்கிளின் குடும்பத்து மருந்துகள் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கண்டால் அவற்றோடு கட்டுண்டு வலு இழந்துவிடும். பால் குடித்த கையோடு அந்தக் குளிசை போடக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ கல்சியக் கரைசல். கடல் நீர் அதைவிட மோசம். ஆக, தூவியதில் பெரும்பகுதி மீனுக்குள் போகாது, வேலையும் செய்யாது. ஆனால் கிருமிக்குப் பழக்கம் காட்டும் அளவுக்கு ஒரு சொட்டு மிஞ்சும். மருந்துக்கு அடங்காத கிருமி அப்படித்தான் உருவாகிறது.

அந்தத் தண்ணீர் போகும் இடத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயம் வரும். தொட்டி கழுவிய தண்ணீரை வாழைக்கு விடுகிறோம். வாழைப் பாத்தியிலிருந்து அது மண்ணுக்குள் இறங்கி, வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக் கல் வழியாக நாங்கள் குடிக்கும் கிணற்றுக்கே வரக்கூடும். வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் நாங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது நிலத்தடி நீரைத்தான். மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் வெளிவந்த கணிப்பு சொல்கிறது. மீன் தொட்டி அதில் ஒரு சிறு வாசல்தான், ஆனாலும் வாசல். மூலிகை பற்றிய ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் இவ்வளவு பெருகியதற்கு இந்தக் கவலை ஒரு பெரிய காரணம்.

சரி, மூலிகை கிருமியைக் கொல்லுமா? கொல்லும். ஓடித் தப்ப முடியாத மரஞ்செடிகள் பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் பற்றீரியாவுக்கும் எதிராகத் தங்களுக்குள்ளேயே நஞ்சு தயாரித்து வைத்திருக்கின்றன. கொய்யா இலையின் துவர்ப்பும், மஞ்சளின் நிறமும், வெற்றிலையின் காரமும், உள்ளியின் மணமும் அந்த ஆயுதங்கள்தான். துவர்ப்புத் தரும் தனின்கள் கிருமியின் புரதங்களைப் பிடித்து உறைய வைக்கும். வெற்றிலையிலும் துளசியிலும் உள்ள எண்ணெய்ச் சத்துகள் கிருமியின் மேற்சவ்வை ஓட்டையாக்கும்.

ஆய்வுகூடத்தில் இதைப் பார்ப்பது அழகான காட்சி. வட்டக் கண்ணாடித் தட்டில் அகர்க் கூழ் ஊற்றி, அதன் மேல் கிருமியைப் பூசி, சாற்றில் தோய்த்த 6 மில்லிமீற்றர் கடதாசி வட்டங்களை வைத்து ஒரு இரவு விடுவார்கள். காலையில் தட்டு முழுக்கக் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்கும். நல்ல சாறு தோய்ந்த வட்டத்தைச் சுற்றி மட்டும் நிலவைச் சுற்றிய கோட்டை போலத் தெளிவான வளையம் தெரியும். பத்திரிகைகளில் "மீன்நோய்க்கு மூலிகைத் தீர்வு" என்று வரும் செய்திகளில் பல இந்த வளையத்தோடு நின்றுவிடுகின்றன. வளையம் உண்மைதான். ஆனால் தட்டு வேறு, தொட்டி வேறு.

எவ்வளவு வேறு என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். அடங்கக்கூடிய ஒரு கிருமியை நிறுத்த நல்ல அன்ரிபயோட்டிக் ஒரு மில்லிலீற்றரில் சில மைக்ரோகிராம் இருந்தால் போதும். சுத்திகரிக்காத இலைச்சாறு பல வேளை ஒரு மில்லிகிராமும் அதற்கு மேலும் கேட்கும், அதாவது பல நூறு மடங்கு. ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் ஒரு லீற்றருக்கு ஒரு கிராம். 5000 லீற்றர் தொட்டிக்கு 5 கிலோ காய்ந்த சாறு வேண்டும். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாகத் தேறும் என்று வைத்தால் 50 கிலோ காய்ந்த இலை. பச்சையாக என்றால் 150 கிலோ அளவில் வரும். ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டி நிறைய இலை! அண்ணை அவித்தது ஒரு கிடாரம். அது கிருமியைத் தொட்டும் இருக்காது, தண்ணீரைக் கெடுக்க மட்டும் போதுமாக இருந்தது. உண்மையாகவே 150 கிலோ இலையை அவித்து ஊற்றியிருந்தால், கிருமிக்கு முன் மீன் போயிருக்கும்.

மீனைக் கொல்லும் செடிகள் ஏராளம் என்பது எங்கள் முன்னோருக்கு நன்றாகத் தெரியும். களப்போரக் கண்டல் காட்டில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கண் எரிந்து போகும். அதே பாலை நீரில் கலந்து மீன் மயக்கிப் பிடித்த வழக்கமும் உண்டு. இலுப்பைப் பிண்ணாக்கில் சப்போனின் என்ற நுரைக்கும் சத்து இருக்கிறது. அந்த நுரைக்காகத்தான் அதை அவித்துத் தலை முழுகினார்கள். மீன் குளம் தயார் செய்பவர்கள் வேண்டாத மீன்களை ஒழிக்க, ஒரு லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரும்படி அதே பிண்ணாக்கைப் போடுகிறார்கள். சப்போனின் பூ வழியாக இரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தக் குளத்தில் இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் குஞ்சு விடலாம். நுரைக்கிற எந்த இலைச்சாற்றையும் மீன் இருக்கும் தண்ணீரில் ஊற்ற முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வேப்பங்கொட்டை எண்ணெயும் அளவு மிஞ்சினால் மீனுக்கு நஞ்சுதான். "இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" என்று சொல்லி விற்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது.

அப்போ மூலிகைக்குரிய இடம் எது? தீன்.

உள்ளியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதன் வேதியியலும் தெளிவாகத் தெரியும். முழு உள்ளிப் பல்லில் அல்லிசின் கிடையாது. அல்லின் என்ற மூலப்பொருள் ஓர் அறையிலும், அதை மாற்றும் நொதியம் இன்னோர் அறையிலும் இருக்கும். பல்லை நசுக்கும்போதுதான் சுவர் உடைந்து இரண்டும் சேர்கின்றன, மூக்கில் ஏறும் அந்த மணமும் அப்போதுதான் பிறக்கிறது. 1944இல் கவலிட்டோ, பெய்லி என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் இந்த அல்லிசினைப் பிரித்தெடுத்தார்கள். முழுப் பல்லாக அவித்தால் நொதியம் செத்துவிடும், அல்லிசின் வராது. உள்ளியை அவித்து ஊற்றுவதில் பிரயோசனமில்லை என்பதற்கு இதைவிட நேரான காரணம் தேவையில்லை.

ஸ்கொட்லாந்தின் ஹெரியட் வொட் பல்கலைக்கழகத்தில் நியா, ஒஸ்ரின் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 2009இல் வெளிவந்த ஒரு பரிசோதனை எனக்குப் பிடித்தமானது. வானவில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன்களுக்கு 100 கிராம் தீனில் அரைக் கிராமும் ஒரு கிராமுமாக உள்ளி கலந்து 14 நாள் கொடுத்தார்கள். அதன் பிறகு ஏரோமோனாஸ் கிருமியை வலிந்து ஏற்றினார்கள். உள்ளி தின்னாத கூட்டத்தில் 88 வீதம் செத்தன. உள்ளி தின்ற கூட்டத்தில் 4 வீதம். இஞ்சியை வைத்தும் அதே ஆய்வாளர்கள் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். தாய்லாந்தில் கொய்யா இலைத்தூள் கலந்த தீன் தின்ற திலாப்பியாவும் ஏரோமோனாஸுக்கு நன்றாகத் தாக்குப் பிடித்தது. அது எங்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி, ஏனென்றால் எங்கள் சூடும் எங்கள் மீனும் அதுதான்.

உள்ளிப் பரிசோதனையில் கவனிக்க வேண்டியது நாட்களின் ஒழுங்கு. முதலில் உள்ளி, பிறகு கிருமி. உள்ளி அங்கே கிருமியோடு மட்டும் மோதவில்லை. மீனின் காவல்காரரைத் தட்டி எழுப்பியது. மீனின் இரத்தத்தில் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் உண்டு. அதன் சளியிலும் இரத்தத்திலும் கிருமியின் சுவரை அரிக்கும் லைசோசைம் உண்டு. பல மூலிகைகள் தீனோடு உள்ளே போய் இவற்றைச் சுறுசுறுப்பாக்குவதை அளந்திருக்கிறார்கள். தட்டில் பெரிய வளையம் காட்டாத ஒரு இலை மீனைக் காப்பாற்றுவதும், பெரிய வளையம் காட்டிய இலை கைவிடுவதும் இதனால் நடக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது மிக எளியது. வருத்தம் பிடித்த மீன் முதலில் நிறுத்துவது சாப்பாட்டை. செட்டை கிழிந்து மூலையில் நிற்கும் மீனுக்கு எவ்வளவு நல்ல மருந்துத் தீன் போட்டாலும் அது தொடாது. திடமாக இருக்கிற மீன்தான் அதையும் சேர்த்துத் தின்னும். தண்ணீர் வழியாகக் கொடுத்தால் அளவு போதாது, தீன் வழியாகக் கொடுத்தால் வாய் திறக்காது. ஆகவே மூலிகைக்கு நேரம் என்று ஒன்று இருந்தால் அது வருத்தத்துக்கு முந்திய இரண்டு கிழமைதான். எங்கள் ஊரில் அது ஊகிக்க முடியாத நேரமும் அல்ல. சித்திரை, வைகாசிச் சூட்டுக்கு முன் ஒரு தடவை. ஐப்பசி மழை திடீரென்று தண்ணீரைக் குளிர வைக்க முன் ஒரு தடவை. குஞ்சு வாங்கி வந்து இறக்கும்போது ஒரு தடவை. வருடம் முழுக்கக் கொடுப்பதை நான் சொல்லமாட்டேன். தனின் கூடினால் தீனின் புரதம் செரிக்காது, மீன் வளராது.

செய்முறை பெரிய வித்தையில்லை. ஒரு கிலோ தீனுக்கு 5 முதல் 10 கிராம் உள்ளி, அதாவது இரண்டு மூன்று பல். அம்மியில் நன்றாக அரைத்துப் பத்து நிமிடம் சும்மா விட வேண்டும், அல்லிசின் உருவாகட்டும். அப்புறம் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துத் தீன் குருணலில் தெளித்துப் பிரட்டி, மேலே இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு இன்னொரு பிரட்டு. எண்ணெய் போர்வை மாதிரி நின்று, மருந்து தண்ணீரில் கரைந்து போகாமல் பார்த்துக்கொள்ளும். நிழலில் உலர்த்தி அன்றைக்கே கொடுத்து முடிக்க வேண்டும். அல்லிசின் நாள்பட நிற்காது. மஞ்சளுக்கும் எண்ணெய்தான் வழி. அதன் சத்தான குர்குமின் தண்ணீரில் கரையாதது, மஞ்சள் தூளைத் தொட்டியில் கொட்டினால் தண்ணீர்தான் நிறம் மாறும்.

தண்ணீர் வழியாகக் கொடுப்பது எங்கேயும் பொருந்தாது என்று சொல்ல வரவில்லை. வாளியில் பொருந்தும். 10 லீற்றர் வாளிக்கு லீற்றருக்கு ஒரு கிராம் என்றால் 10 கிராம் சாறு போதும், நூறு கிராம் காய்ந்த இலைக்குள் விஷயம் முடிந்துவிடும். திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏரோமோனாஸ் புண் வந்த தங்கமீன்களை வேம்பு, துளசி, மஞ்சள் மூன்றும் சேர்த்த சாற்றில் நாளுக்குக் கொஞ்ச நேரம் அமிழ்த்தி எடுத்துத் தேற்றியிருக்கிறார்கள். அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்கு இது கைகூடும் வேலை. ஒவ்வொரு மீனுக்கும் விலை இருக்கிறது, பிடித்து அமிழ்த்தவும் முடியும். ஆனால் பக்கத்தில் நல்ல தண்ணீர் வாளி ஒன்று தயாராக இருக்க வேண்டும், மீன் சரிந்தால் உடனே மாற்ற.

அளவுதான் இன்னும் தீராத பிரச்சினை. கப்ஸ்யூலில் 250 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் உள்ளே அதுதான் இருக்கும். கொய்யா இலை அப்படியல்ல. கோடையில் பறித்த இலையும் மாரியில் பறித்த இலையும், கொழுந்தும் முற்றலும், செம்மண்ணில் நின்ற மரமும் மணலில் நின்ற மரமும் ஒன்றாக இருக்காது. தண்ணீரில் எடுத்த சாறும் மதுசாரத்தில் எடுத்த சாறும் வேறு வேறு மருந்துகள். சித்த வைத்தியம் இதை எப்போதோ கண்டிருக்கிறது. மூலிகை பறிக்கும் காலத்தையும் பகுதியையும் அது வகுத்துத்தான் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீனியலும் படிப்பிக்கிறார்கள், கைதடியில் சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள். இந்த இரண்டு பக்கத்து மாணவர்களும் ஒரு மேசையில் இருந்து எங்கள் மண்ணின் கொய்யாவுக்கும் எங்கள் தொட்டித் திலாப்பியாவுக்கும் ஒரு அளவு கண்டு சொன்னால், அது ஊருக்குப் பெரிய உபகாரம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிவந்த புண்ணெல்லாம் பற்றீரியா அல்ல. 1980களின் கடைசியில் இலங்கைக்கு வந்து விராலையும் மற்ற மீன்களையும் தின்ற புண் நோயின் மூலகாரணம் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சணம் போன்ற உயிரி. ஏரோமோனாஸ் அந்தப் புண்ணில் பிறகு வந்து குடியேறியது. பேனும் ஒட்டுண்ணியும் கடித்த இடமும் சிவக்கும். என்ன நோய் என்று தெரியாமல் உள்ளியும் வீண், கப்ஸ்யூலும் வீண். வருத்தம் வந்தபின் முதலில் செய்ய வேண்டியவை பழைய வேலைகள்தான். செத்த மீனை எடுத்துப் புதை, தீனைக் குறை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று, காற்று மோட்டரை இரவு முழுக்க ஓடவிடு, லீற்றருக்கு இரண்டு மூன்று கிராம் கல்லுப்புப் போடு. பிறகு மீன் தெரிந்த ஒரு அதிகாரியிடமோ மிருக வைத்தியரிடமோ காட்டு. அவர் அன்ரிபயோட்டிக் எழுதிக் கொடுத்தால் சொன்ன அளவில் சொன்ன நாள்வரை கொடு. நோர்வேக்காரர் 1987இல் தங்கள் சல்மன் பண்ணைகளுக்கு 50 தொன் அளவில் அன்ரிபயோட்டிக் கொட்டினார்கள். தடுப்பூசி வந்த பிறகு, மீன் உற்பத்தி பல மடங்கு பெருகியும், அது ஒன்றிரண்டு தொன்னுக்கும் கீழே இறங்கியது. அந்தத் தடுப்பூசி வசதி எங்கள் சின்னத் தொட்டிகளுக்கு இன்று இல்லை. அது இல்லாத இடத்தில்தான் உள்ளிக்கும் கொய்யாவுக்கும் வேலை இருக்கிறது.

அண்ணையின் தொட்டிகளைக் கழுவி, ஆடியில் புதுக் குஞ்சு விட்டோம். இரண்டு தொட்டிக்கும் ஒரே கிணறு, ஒரே தீன், ஒரே எண்ணிக்கை. இடது பக்கத் தொட்டிக்கு மட்டும் புரட்டாதி நடுவிலிருந்து 14 நாள் உள்ளித் தீன் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். இரண்டு தொட்டியை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று எனக்குத் தெரியும். ஒன்றில் கொஞ்சம் கூட வெயில் விழுந்தாலே கணக்கு மாறிவிடும். அதனால் அடுத்த முறை உள்ளியை வலது பக்கத்துக்கு மாற்றுவோம். மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் அண்ணை கோடு போட்டு, தினமும் செத்த மீன், தின்ற தீன், விடிய மேலே வந்து வாய் பிளந்ததா இல்லையா என்று மூன்று நிரலில் எழுதி வருகிறார். கிடாரம் திரும்பவும் குசினிக்குப் போய்விட்டது.